பக்கத்து நாட்டு அக்கா

அக்கா கோலாலம்பூரில், நான் சிங்கப்பூரில். ஆகாய வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். "பக்கத்துல பக்கத்துலதானப்பா இருக்கீங்க, ஒரு எட்டு பாத்துட்டு வரக்கூடாதா?" என்று அம்மா குன்னம் பக்கத்திலிருந்து போனில் கேட்பாள். எனக்குப் பதில் வராது.

டிக்கெட்டில் ஒரு மணி நேரச் சொச்சம் என்று போட்டிருக்கும். ஓடுபாதைக்கு உருண்டு போவதும் வரிசையில் நிற்பதும் அதில் சேர்த்தி. வானத்தில் இருப்பது முக்கால் மணிதான். தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் கீழே செம்பனைத் தோட்டங்கள் வந்துவிடும். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம். செப்பாங்கில் இறங்கி ஊருக்குள் போகவே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். எங்களுக்கு இது புதிதல்ல. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் போய்த்தான் ஏற வேண்டும். ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்குள் பாதி அலுப்பு வந்துவிடும்.

அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி வேண்டுமே! காலை முதல் விமானத்தைப் பிடித்தேன். மழையும் மின்னலும். ஒன்றரை மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். நல்ல நேரம் தாண்டக் கூடாதென்று மாமாவின் பங்காளி ஒருவர் மடியில் வைத்துக் குத்திவிட்டார்கள். நான் போனபோது பையன் வீங்கிய காதோடு தூங்கிக்கொண்டிருந்தான். மோதிரத்தைப் போட்டுவிட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

திருச்சி கோலாலம்பூரைப்போலப் பத்து மடங்கு தூரம், 3,000 கிலோமீட்டர். பறப்பது நான்கு மணி நேரம். ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு இறங்குவதாக இருக்கும். இந்தியக் கடிகாரம் இரண்டரை மணி பின்னால் இருப்பதால் வரும் மாயம். திரும்பும்போது அதே தூரம் ஆறரை மணி நேரமாக நீண்டுவிடும். ரஜுலா கப்பலில் நாள்கணக்கில் கிடந்து வந்த தாத்தாவுக்கு வித்தியாசம் இரண்டு மணிதான். பிறகு 1982-ல்தான் இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள்.

போன பொங்கலுக்கு இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். அவள் விமானம் நாற்பது நிமிடம் முன்னால் இறங்கிவிட்டது. திருச்சி விமான நிலைய வாசலில் டிராலியில் சாய்ந்து, மைலோ டின் துருத்திய பையைக் காலால் அணைத்தபடி நின்றிருந்தாள். நாங்கள் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"ஏன்டா, பக்கத்துலேருந்து வர இவ்ளோ நேரமா?" என்றாள்.