கடலடியில் ஒரு நடுகல்

ஈழத்துத் தமிழிலே 'சுழியோடி' என்ற சொல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. மன்னார்க் கடலில் முத்துக்குளித்தோர் பாரத்துக்காகக் கல்லொன்றைத் துணைகொண்டு, அடக்கிய மூச்சை மட்டுமே முதலாக வைத்துக் கீழே சென்றனர். அவர்களுக்குக் கடலின் அடித்தளம் ஒரு வயல். அதன் விளைச்சல் சிப்பி. மூச்சு முடியுமுன் இயன்றதை அள்ளிக்கொண்டு மேலே வருவதே அவர்களது தொழில். இன்று அதே சொல்லாற் குறிக்கப்படும் வேறொரு சாரார் தோன்றியுள்ளனர். இவர்கள் முதுகிலே காற்றடைத்த உருளையைச் சுமந்து, காலிலே துடுப்பணிந்து, பணமும் கொடுத்துக் கடலுக்குள் இறங்குகின்றனர். எடுத்துவருவதற்கு அங்கு ஒன்றுமில்லை; எதையும் எடுத்துவருதல் ஆகாது என்பதே இவர்களுக்குரிய முதல் விதி. மூழ்கிக் கிடக்கும் போர்க்கப்பல் ஒன்றைச் சில நிமிடங்கள் பார்த்துவிட்டு மீள்கின்றனர். அச்சில நிமிடங்களில் அவர்கள் காண்பது யாது, காணவேண்டியது யாது என்பன சிந்தித்தற்குரிய வினாக்களாகும்.

இவ்வகைச் சுழியோடிகள் உலகின் பல பாகங்களிலிருந்தும் தேடிவரும் கப்பல்களுள் ஒன்று மட்டக்களப்புக் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீற்றர் தொலைவிலே கிடக்கின்றது. அதன் பெயர் ஹேர்மிஸ். பிரித்தானியக் கடற்படைக்குரிய இக்கப்பலின் கட்டுமானம் 1918 ஆம் ஆண்டு தைன் நதிக்கரையிலே தொடங்கிற்று. ஏனைய கப்பல்களை மாற்றியமைத்து விமானங்களை ஏற்றிச்செல்லப் பயன்படுத்திய அக்காலத்திலே, விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் இதுவாகும். ஆயினும் பணி மந்தகதியில் நடைபெற்றமையால், 1922 ஆம் ஆண்டிலே யப்பானின் ஹோஷோ இதனை முந்திக்கொண்டு சேவையில் இறங்கிற்று. ஹேர்மிஸ் 1924 ஆம் ஆண்டிலேயே கடற்படையிற் சேர்ந்தது. முந்திக்கொண்ட அதே நாட்டின் விமானங்களே பதினெட்டு ஆண்டுகளின் பின்னர் அதற்கு முடிவு தேடின.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 5 ஆந் திகதி யப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களைக் கொண்டிருந்த அவ்வணி கிழக்குக் கரையை நெருங்குவது 8 ஆந் திகதி அறியப்பட்டதும், திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டன. ஹேர்மிஸும் அதற்குத் துணையாகச் சென்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயரும் இரவோடிரவாகத் தெற்கு நோக்கிச் சென்றன. மறுநாட் காலை மட்டக்களப்புக்கு அண்மையில் அவை எதிரியின் கண்ணிற் பட்டன. திருகோணமலையை நோக்கித் திரும்புமாறு கட்டளை கிடைத்தது. ஆனால் வானிலிருந்து காக்கவேண்டிய விமானங்கள் உரிய வேளையில் வந்து சேரவில்லை. ஹேர்மிஸின் சொந்த விமானங்களோ கரையிலேயே விடப்பட்டிருந்தன. விமானங்களுக்கெனவே பிறந்த கப்பல், தன் தளத்தில் ஒரு விமானமேனும் இல்லாத நிலையிலே, விமானங்களால் தாக்கப்பட்டு இருபது நிமிடங்களளவில் மூழ்கிற்று. தளபதி ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். வம்பயரும் மூழ்கிற்று. 'விற்றா' என்னும் மருத்துவக் கப்பல் அவ்வழியே வந்து, நீரில் தத்தளித்தோருட் பெரும்பாலாரைக் கரைசேர்த்தது. தாக்கிய ஐந்து கப்பல்களுள் மூன்று, இரு மாதங்கள் நிறைவதற்குள் மிட்வே கடற்போரிலே அடித்தளத்தைச் சேர்ந்தன. போரிலே வென்றவன் என்ற சொல்லுக்கு ஆயுள் மிகக் குறைவு என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு வீழ்ந்த இரும்பு, மீன்களின் உறைவிடமாக மாறியமை எங்ஙனம்? கடலடி பெரும்பாலும் மணலும் சேறுமாகப் பரந்து கிடப்பது. முருகை, கடற்பஞ்சு, கடல் விசிறி முதலானவற்றின் நுண்ணிய குடம்பிகள் நீரோட்டத்திலே அலைந்து திரிகின்றன. பற்றிக்கொள்ள வன்மையான பரப்பொன்று கிடையாவிடின் அவை அழிந்துபோகும். அத்தகைய பரப்பைத் தருவது பாறை. கடற்றொழிலாளர் அதனைப் 'பார்' என்பர். பார் உள்ள இடத்தில் மீன் உண்டு என்பது அவர்தம் அனுபவம். 182 மீற்றர் நீளமான கப்பலொன்று மணல்வெளியிலே வந்து விழும்போது, இயற்கை பலகாலம் செலவிட்டு அமைக்கக்கூடிய பார் ஒன்று ஒரே நாளில் அமைந்துவிடுகின்றது. முதலில் நுண்ணுயிர்ப் படலமும் பின்னர் சிப்பிகளும் பஞ்சுகளும் படர்கின்றன. இடுக்குகளிலே சிறுமீன்கள் ஒளிகின்றன; அவற்றைத் தேடிக் களவாயும் பாரையும் வருகின்றன. ஹேர்மிஸ் கிடக்கும் 53 மீற்றரளவான ஆழத்தில் சூரிய ஒளி மங்கிவிடுவதால், ஒளியை நம்பி வாழும் கல்முருகைகளைக் காட்டிலும் மென்முருகைகளும் கருமுருகைகளுமே அங்கு செழிக்கின்றன.

அவ்வாழத்துக்கு மனிதன் செல்லும் வழி, கப்பல் மூழ்கிய மறு ஆண்டிலேயே பிறந்தமை ஒரு வியத்தகு பொருத்தம். 1943 ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டினரான கூஸ்தோவும் கானியாவும், சுழியோடி உள்ளிழுக்கும் போது மட்டும் தேவையான அளவு காற்றைத் தரும் கருவியை உருவாக்கினர். குழாயாலும் கயிற்றாலும் மேலுள்ள படகோடு பிணைக்கப்பட்டிருந்த சுழியோடிக்கு அது விடுதலை அளித்தது. எனினும் கடலின் விதிகள் தளரவில்லை. ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகின்றது. ஹேர்மிஸ் கிடக்கும் இடத்தில் அமுக்கம் கடல்மட்டத்திலுள்ளதைப் போல் ஆறு மடங்குக்கு மேல். எனவே நீர்மட்டத்தில் ஒரு மணிநேரம் போதுமான காற்று, அங்கே பத்து நிமிடங்களுக்கும் போதாது. முப்பது மீற்றருக்குக் கீழே நைதரசன் மதுவைப் போல் மதியை மயக்குகின்றது. இன்பச் சுற்றுலாவாகச் சுழியோடுவோருக்கு நாற்பது மீற்றரே எல்லை எனப் பயிற்சி நிலையங்கள் விதித்துள்ளமையும் இதனாலேயே. அதற்கப்பாற் செல்பவர்கள் தனிப்பயிற்சி பெற்று, காற்றுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த வாயுவைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

வாடைக்காற்று ஓய்ந்து கிழக்குக் கடல் அமைதியுறும் மாதங்களிலே சுழியோடி கயிற்றைப் பற்றி இறங்குகின்றான். சிவப்பு நிறமே முதலில் மறைகின்றது. பின்னர் மற்றவையும் மங்கி, எல்லாம் நீலஞ்சார்ந்த சாம்பல் நிறமாகின்றன. அடியிலே ஒரு நிழல் தோன்றி, நெருங்க நெருங்கச் சரிந்து கிடக்கும் கப்பலாகின்றது. மின்விளக்கை ஒளிரச் செய்ததும் மறைந்த சிவப்பும் மஞ்சளும் இரும்பின் மேற் படர்ந்த உயிர்களிலே திடீரெனத் திரும்பி வருகின்றன. பீரங்கியின் குழல் இன்னும் எதையோ குறிபார்ப்பதுபோல் நீண்டிருக்கின்றது. அதனைச் சுற்றி மீன்கூட்டம் அஞ்சாது உலாவுகின்றது. ஆனால் அவன் மணிக்கூட்டைப் பார்த்தாக வேண்டும். இழையங்களிற் கரைந்த வாயு குமிழிகளாகி உடலை முடமாக்காதிருக்க, கீழே கழித்த நேரத்திலும் கூடிய நேரத்தைப் பெரும்பாலும் மேலேறுவதிற் செலவிட வேண்டும். படிப்படியாக நின்று நின்று ஏறும் இம்முறையை 1908 ஆம் ஆண்டில் வகுத்தளித்தவர் ஹோல்டேன் என்னும் உடற்றொழிலியல் அறிஞர். வகுத்தது பிரித்தானியக் கடற்படைக்காகவே. கயிற்றைப் பற்றியபடி ஒன்றும் செய்யாது நிற்கும் அந்நேரமே, கண்டதை எண்ணிப் பார்ப்பதற்கு வாய்த்த நேரமும் ஆகும்.

போரில் மூழ்கிய கப்பல்கள் தாமாகவே பாராக மாறியமையைக் கண்ட மனிதன், பின்னாளிலே பாராக்கும் பொருட்டே கப்பல்களை மூழ்கடிக்கலானான். அத்தகைய கப்பல்களுட் பெயர்பெற்றது அமெரிக்க விமானந்தாங்கியான ஒரிஸ்கனி. கொரியாவிலும் வியட்நாமிலும் போரிட்ட அக்கப்பலில் 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஏற்பட்ட தீயினால் 44 பேர் மாண்டனர். 1976 ஆம் ஆண்டில் ஓய்வுபெற்ற அதனை, எண்ணெயும் நச்சுப் பொருள்களும் அகற்றும் நீண்ட பணியின் பின்னர், 2006 ஆம் ஆண்டு மே 17 ஆந் திகதி புளோரிடா மாநிலத்தின் பென்சக்கோலா நகருக்கு அப்பாலுள்ள கடலில் வெடிவைத்து இறக்கினர். சுமார் 37 நிமிடங்களில் அது 65 மீற்றரளவான ஆழத்திலே நிமிர்ந்த நிலையில் அமர்ந்தது. அதற்குள் எவரும் இருக்கவில்லை. எங்கு வீழ வேண்டும், எவ்வாறு வீழ வேண்டும் என்பனவெல்லாம் முன்னரே கணிக்கப்பட்டிருந்தன.

இம்முயற்சிகள் யாவும் நன்மையாகவே முடிந்தன என்று கொள்ளலாகாது. அதே புளோரிடாவின் லோடர்டேல் கோட்டை நகருக்கு அப்பால், 1972 ஆம் ஆண்டு தொடக்கம் இருபது இலட்சம் வரையிலான பழைய ரயர்கள் செயற்கைப் பாரென்ற பெயரிற் கடலில் இடப்பட்டன. கட்டுகள் அறுந்தன, ரயர்கள் அலையோடு அலைந்து, அருகிலிருந்த உண்மையான முருகைப் பாரையே உராய்ந்து சிதைத்தன. மேலும், செயற்கைப் பார் மீனைப் பெருக்குகின்றதா, அன்றி அயலிலுள்ள மீனை ஓரிடத்திற் கூட்டுகின்றதா என்பது கடலியலாளரிடையே நீண்டகாலமாக நிலவும் விவாதம். கூட்டுவது மட்டுமே உண்மையாயின், பிடிப்போருக்கு வேலை எளிதாகும். கடலின் செல்வமோ விரைந்து குறையும். ஆகவே, வேண்டாததைக் கடலில் எறிந்துவிட்டு அதற்குப் 'பார்' எனப் பெயரிடுவது அறமுமாகாது, அறிவுமாகாது.

ஒரிஸ்கனியும் ஹேர்மிஸும் இன்று தோற்றத்தால் நெருங்கியவை. இரண்டும் விமானந்தாங்கிகள்; இரண்டின் மேலும் பஞ்சும் முருகையும் படர்கின்றன. மீனுக்கு இரண்டும் ஒன்றே. இந்த ஒற்றுமையைக் கண்டு மயங்கும் ஒரு மனப்பாங்கு பரவலாக உண்டு. கொல்லும் கருவி உயிர்களின் தொட்டிலாயிற்று என்றும், கடல் போரை மன்னித்துவிட்டது என்றும் கூறுவர். கேட்பதற்கு இனிதான இக்கூற்று, 307 பேரின் மரணத்துக்கு ஒரு பயன் விளைந்தது என்ற ஆறுதலை மிக மலிவாகத் தந்துவிடுகின்றது. கடல் எதனையும் மன்னிப்பதில்லை, கிடைத்ததைப் பயன்படுத்துகின்றது. ஒரிஸ்கனியில் விளைந்த நன்மை, நச்சகற்றி, இடந்தேர்ந்து, பொறுப்பேற்று மனிதர் செய்த வேலையின் பயன். ஹேர்மிஸில் விளைந்ததோ எவரும் எண்ணிச் செய்யாதது. முன்னது பார், பின்னது பாராகவும் கல்லறையாகவும் ஒருங்கே இருப்பது. இவ்வேறுபாட்டை மீன் அறியவேண்டியதில்லை. மனிதன் அறிந்தேயாக வேண்டும்.

அறியாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு யாவாக் கடல் சாட்சி. 1942 ஆம் ஆண்டிலே அங்கு மூழ்கிய ஒல்லாந்த, பிரித்தானியப் போர்க்கப்பல்கள் சிலவற்றைத் தேடி 2016 ஆம் ஆண்டிற் சென்றவர்கள், கப்பல்கள் கிடந்த இடத்தில் அவற்றின் வடிவப் பள்ளங்களையே கண்டனர். பழைய உலோகத்துக்காக அவை திருட்டுத்தனமாக வெட்டியெடுக்கப்பட்டிருந்தன. அவற்றோடு மாண்டோரின் எச்சங்களும் மறைந்தன. இரும்பை வெறும் இரும்பாக நோக்கும் கண், இன்று அதனை மீன் வீடெனப் புகழும். நாளை கிலோக்கணக்கில் விலை பேசும். மட்டக்களப்புக் கப்பலிலிருந்து நினைவுக்கென ஒரு குண்டின் உறையையோ ஒரு பித்தளைத் துண்டையோ எடுத்துவரும் சுழியோடிக்கும் அத்திருடர்க்கும் இடையேயுள்ள வேறுபாடு அளவில் மட்டுமே.

பண்டைத் தமிழர் போரில் வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டினர். அவன் பெயரையும் அவன் வீழ்ந்த காரணத்தையும் கல்லிலே பொறித்தமையால் வழிப்போக்கன் அதனை வாசித்தான். மட்டக்களப்புக் கடலடியிலும் அத்தகைய கல் ஒன்று கிடக்கின்றது எனலாம். ஆனால் அதிலே எழுத்தில்லை. மாண்டோரின் பெயர்கள் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், பிரித்தானியத் துறைமுக நகரங்களின் நினைவுத் தூண்களிலே உள்ளன. இங்கே ஆண்டுதோறும் முருகை தடித்து வருகின்றது. கப்பலின் உருவமும் ஒருநாள் அதனுள்ளே மறைந்துபோகும். அதற்காக முருகையை நோவதில் நியாயமில்லை.

இக்கடலோரமும் தன் சொந்தப் போரினால் நீண்டகாலம் இத்தகைய பயணங்களுக்கு மூடிக்கிடந்தது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் மட்டக்களப்பிலிருந்தும் பாசிக்குடாவிலிருந்தும் சுழியோடிகளை ஏற்றிய படகுகள் புறப்படலாயின. படகோட்டிகள் பலருக்கு அது ஊதியமும் தருகின்றது, அது வரவேற்கத்தக்கதே. அப்படகிலே ஏறுபவருக்கு ஆழமும் நீரோட்டமும் அங்கு காணக்கூடிய மீன்களின் வகைகளும் விளக்கப்படுதல் முறை. அவற்றோடு 307 என்ற எண்ணும் தளபதியின் பெயரும் அந்த ஏப்பிரற் காலையின் கதையும் சொல்லப்படுமாயின், எழுத்தில்லாத அந்த நடுகல்லுக்கு வாசகர் கிடைத்தவராவர். அதற்கு வேண்டுவது படகு புறப்படுமுன் ஐந்து நிமிடங்கள் மட்டுமே.