தேன்பெட்டியின் அடிப்பலகை

ரப்பர் மரங்கள் இலையெல்லாம் உதிர்த்துப் புதுத்தளிர் விட்டு, ஒரு காம்பில் மூன்று இலைகள் கூடுகின்ற சந்தியில் மது சுரந்து நிற்கும் மாசி மாதத்தில், மார்த்தாண்டத்தை அடுத்த தோட்டமொன்றில், தலைமுறையாகத் தேனீ வளர்த்துவரும் பெரியவர் ஒருவரோடு சுற்றிவரும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம புனருத்தாரண நிலையத்தை இங்கே நடத்தி, ஏழைக் குடியானவர்களுக்குக் கற்பித்த தொழில்களுள் தேனீ வளர்ப்பும் ஒன்று. அன்று வேரூன்றிய வித்தையில் இவ்வூரார் அடைந்திருக்கும் தேர்ச்சியை, தேன் வடிக்கும் நேர்த்தியைக் காட்டிலும், பெட்டியின் அடிப்பலகையை அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே நான் அதிகமாக உணர்ந்தேன்.

பெரியவர் சிறிது புகை காட்டி, புழு அறையை அப்படியே தூக்கி, பக்கத்தில் தயாராக இருந்த வேறொரு பலகையின்மேல் வைத்துவிட்டு, பழைய பலகையை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.

"மேல தொறந்து பாக்கதுக்கு முந்தி இதைப் பாருங்க சார். உள்ள நடக்கது பூராவும் இதுல கெடக்கும்."

தவிட்டு நிறத்தில் மெழுகு மூடிகளின் துகள் கோடுகோடாக உதிர்ந்திருந்த இடத்துக்கு நேர்மேலே இளந்தேனீக்கள் பிறந்துகொண்டிருந்தன. ஓரத்து இடுக்கில் வெண்ணிறப் பட்டிழையும் கரிய எச்சமும் தென்பட்டதும் அவர் முகம் சுருங்கிற்று. மெழுகு அந்துப்பூச்சியின் புழு குடியேறியதற்கு அது அத்தாட்சி. நம் நாட்டு அடுக்குத் தேனீ, இத்தாலியத் தேனீயைப்போல மரப்பிசின் கொணர்ந்து இடுக்குகளை அடைக்கும் சுபாவம் உடையதன்று. தரையில் விழும் குப்பையை வெளியேற்றுவதிலும் அவ்வளவு ஊக்கம் காட்டுவதில்லை. ஆகவே மனிதன் கை அடிக்கடி படாத பலகையில் அந்தின் புழு பெருகி, மேலேறி அடைகளைத் துளைத்துவிட, தேனீக்கள் கூட்டத்தோடு பெட்டியைத் துறந்து போய்விடுகின்றன.

அருகிலிருந்த தச்சுப்பட்டறையில் வேறொரு வகைப் பலகையும் கண்டேன். நடுவில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கண்ணுடைய கம்பிவலை அடித்து, அதன்கீழ் இழுத்தெடுக்கத்தக்க தட்டொன்று செருகியது அது. இத்தாலியத் தேனீ வளர்ப்போர் கேட்டுச் செய்விப்பது. வரோவா என்னும் உண்ணி, ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த அகலமே உடைய செந்நிற ஜீவன், தேனீயின் உடலினின்று தவறி விழுந்தால் வலை வழியே இறங்கிப்போகும். மீண்டும் ஏறிவர வழியில்லை. தட்டில் பசை தடவி வைத்து, ஒரு பகலும் இரவும் விழுந்தவற்றை எண்ணினால் கூட்டின் ஆரோக்கியம் விளங்கும். ஆனால் உண்ணி இனவிருத்தி செய்வதோ அடையில் புழு வளரும் மூடிய கண்ணறைகளுக்குள். வலை அங்கே எட்டாது. உண்ணியை ஓரளவு குறைக்குமேயன்றி அழிக்காத இந்த வலையின் பிரதானப் பிரயோஜனம் எண்ணிக்கை அறிவதே என்பது என் அபிப்பிராயம். நம் தேனீயோ அந்த உண்ணியோடு யுகயுகமாகப் பழகியது. வரோவா இனம் முதன்முதலாக 1904இல் சாஸ்திர உலகுக்கு அறிமுகமானதே, ஜாவாவில், நம் அடுக்குத் தேனீயும் அடங்கிய கீழ்த்திசைத் தேனீயினத்தின் மேல் கண்டெடுத்த உண்ணியைக் கொண்டுதான். அடுக்குத் தேனீயின் கூட்டில் அது ஆண் தேனீப் புழுக்களிடமே பெரும்பாலும் பெருக முடிகிறது. அதனால் இங்கே வலைக்கு அவசரம் ஏதுமில்லை.

காற்றோட்டத்துக்காவது வலை உதவாதா என்று கேட்டேன். பெரியவர் என்னை வாயிற்பக்கம் அழைத்துப்போய், சிறகடித்து நிற்கும் தேனீக்களைக் காட்டினார். அவையெல்லாம் தலையை வெளிப்புறம் வைத்து நின்றன. இத்தாலியத் தேனீ உள்நோக்கி நின்று உட்காற்றை வெளியே இழுக்க, நம் தேனீ வெளிக்காற்றை உள்ளே செலுத்துகிறது. மதுவின் நீர் வற்றவும், புழுக்கள் ஏறத்தாழ 35 டிகிரி உஷ்ணத்தில் வளரவும் இத்தனை பிரயாசைப்பட்டு உட்செலுத்தும் காற்றுக்குத் தரை திறந்திருப்பது அனுகூலமாகுமென்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்காலத்தில் தோட்டத்து ஈரமும் அவ்வழியே ஏறும். வெப்பம் மிகுந்தால் வாயிலை அகலத் திறப்பதும், மேற்பலகையில் வலையிட்ட துவாரத்தை அடைபடாமல் காப்பதுமே போதுமென்கிறார் பெரியவர்.

1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றைக் காலியாக்கியபோது எந்தப் பலகையும் உதவவில்லை என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார். அந்தின் விஷயத்தில் மட்டும் அவருடைய நிபந்தனைகள் கண்டிப்பானவை: பலகை ஒட்டுப்போடாத ஒரே மரமாக இருக்கவேண்டும், புழு அறையோடு ஆணியால் பிணைக்கக்கூடாது, மழைநீர் வடிய முன்புறம் சற்றே தாழ்ந்திருக்கவேண்டும், ஒன்று வெயிலில் காயும்போது மற்றொன்று பெட்டியைத் தாங்குமாறு, பெட்டி ஒன்றுக்கு இரண்டு பலகை வேண்டும். தச்சரிடம் அன்று அவர் சொல்லிவிட்டு வந்ததும் அந்த இரண்டாவது பலகைகளுக்குத்தான்.