படம் காய்கிற நேரம்

இருட்டறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் டெவலப்பர் தட்டோடு நின்றுவிடுகிறார்கள். வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல எழுந்து வரும் அந்த நிமிஷம்தான் அவர்களுக்குக் கவிதை. அதற்கப்புறம் ஹைப்போ, ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவுதல், பிறகு காயவைத்தல். யாரும் பேசாத இந்தக் காயவைத்தலில்தான் நான் தோற்றேன்.

1979இல் சில மாதங்கள் சேர்வராயன் மலையில், மாரமங்கலத்துப் பக்கம், ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் இருந்தேன். குளியலறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டால் அது இருட்டறை. தாளும் ஒரு மலையிலிருந்து வந்ததுதான்: ஊட்டியில் 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ தாள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

பக்கத்தில் ஒரு கிழவி இருந்தாள். மலையாளி இனம், கேரளத்து மலையாளி அல்ல, மலையில் வாழ்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். படம் எடுக்கச் சம்மதித்தவள் ஒன்று கேட்டாள்: “எனக்கு ஒண்ணு குடுப்பியா தம்பி?” கட்டாயம் தருகிறேன் ஆயா என்றேன். 1909இல் வெளியான தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் இம்மக்களைப் பற்றியும் ஒரு கட்டுரை உண்டு. அத்தொகுதிகளின் படங்களில் பெரும்பாலானவற்றின் கீழே இருப்பது சாதிப் பெயர். ஆளின் பெயர் இல்லை. நான் அந்த ஜாதி அல்ல என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள இந்த ஒரு பிரதி வேண்டியிருந்தது.

ஐப்பசி. மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. கொடியில் மாட்டிய படம் மூன்று நாளாகியும் காயவில்லை. பொறுமையிழந்து கரியடுப்பின் மேல் பிடித்தேன். ஈரத்தோடு சூடுபட்டால் ஜெலட்டின் இளகும் என்பது தெரியாததல்ல. இடது கன்னம் இளகி, கொஞ்சம் நகர்ந்து, கண்ணுக்குக் கீழே நின்றது. அவளுக்கிருந்த சுருக்கங்களோடு நான் போட்டது ஒன்று.

இன்னொரு பிரதி எடுத்து, அரைகுறையாகக் கழுவி, ஒற்றுத்தாளில் சுற்றி சேலத்துக்கு பஸ் ஏறினேன். கீழே வெயில். ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. குழலாகச் சுருண்டும் போயிற்று.

காரணம் எளிது. ஜெலட்டின் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறது. வெள்ளியாலான உருவம் அதற்குள். காயும்போது அது தாளைவிட அதிகம் சுருங்கி, தன்னைச் சுமக்கும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே படம் எப்போதும் முகத்தை உள்ளே வைத்துத்தான் சுருளும். நிமிர்த்த வழியுண்டு. முதுகுப் பக்கத்தை லேசாக நனைத்து, ஒற்றுத்தாள்களுக்கிடையே வைத்து, பாரமேற்றி ஓரிரவு விட வேண்டும். என்னிடம் இருந்தவை சிறுபத்திரிகைகள். ஒரு படத்தை அமுக்கக்கூட அவற்றின் எடை போதவில்லை.

கிழவி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தாள். விட்டதும் சுருண்டது. மறுபடி விரித்தாள். “நிக்க மாட்டேங்குதே” என்று சிரித்தாள். சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று கை நீட்டினேன். “வேணாம் தம்பி. கொண்டுபோனா வரமாட்டே” என்றாள்.

போகவில்லைதான். 1986இல் போனபோது அவள் இல்லை. சுவரில் படம் இருந்தது. சட்டம் இல்லை, மேல் விளிம்பில் இரண்டு ஆணி. அடிமூலையில் ஹைப்போ சரியாகப் போகாத மஞ்சள், ஓரத்தில் பூஞ்சணம். ஆனால் படம் தட்டையாக இருந்தது. யார் நிமிர்த்தியது என்று மகனைக் கேட்டேன்.

“யாரும் இல்லீங்க சார். மழைக்கு அதுவே நிமிந்துக்கும். கோடையில சுருண்டுக்கும், அம்மா மொகம் தெரியாது. நாங்களும் விட்டுருவோம்.”

மலையின் ஈரத்தைக் குடித்து ஜெலட்டின் தளர்கிறது; பிடி விடுகிறது. எந்த மூடுபனியோடு மூன்று நாள் சண்டை போட்டேனோ அதுதான் என் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

தீயில் இளகிய முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. கண்ணாடிக்கடியில், துளி வளைவில்லாமல். அதன் பின்புறம் ஊரும் வருஷமும் குறித்திருக்கிறேன். பெயர் இல்லை. ஆயா என்றே கூப்பிட்டுவிட்டேன், கேட்டுக்கொள்ளவில்லை.