காயெலிட்ஷா: மாத்திரை வந்த வழி

கோடைக்காலத்தில் கேப்டவுன் நகரத்தைப் புரட்டிப்போடும் தென்கிழக்குக் காற்றுக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேப் டாக்டர்'. நகரத்தின் புகையையும் நோயையும் அள்ளிக்கொண்டு போய்க் கடலில் தள்ளிவிடும் என்ற நம்பிக்கையில் வந்த பெயர். டேபிள் மலையின் தலையில் வெள்ளை மேகத்தை விரிப்பாகப் போர்த்திவிட்டு இறங்கும் அந்தக் காற்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளியிருக்கும் காயெலிட்ஷாவில் அது டாக்டர் வேலை எதுவும் பார்ப்பதில்லை. மணலை வாரித் தகரக் கூரைகளின் மேல் இறைக்கிறது. சோற்றிலும் படுக்கையிலும் மணல். ஒரு காலத்தில் இந்த இடம் முழுக்க மணல்மேடுதானே.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் டூரிஸ்டுகள் என்-2 நெடுஞ்சாலையில் மலையை நோக்கித் திரும்பிவிடுகிறார்கள். காயெலிட்ஷா அதற்கு நேர் எதிர்த் திசை. தகரம், பலகை, பிளாஸ்டிக் ஷீட் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துக் கட்டிய வீடுகள் கண்ணுக்கெட்டியவரை நீள்கின்றன. ஊடே அரசு கட்டிக்கொடுத்த சின்னச் சின்னக் காரை வீடுகள். பழைய கப்பல் கன்டெய்னர்களுக்குள் முடிதிருத்தும் கடை, செல்போன் கடை, மளிகைக் கடை. தெருவோரத்தில் ஆட்டுத் தலையைத் தீயில் வாட்டி விற்கிறார்கள். வாட்டும்போது உதடு சுருங்கிப் பல் தெரிவதால் அதற்கு 'ஸ்மைலி' என்று பெயர். மினிபஸ் டாக்ஸிகள் ஹாரனைக் கையெடுக்காமல் அடித்துக்கொண்டு ஆள் ஏற்றுகின்றன. லுக்அவுட் ஹில் என்ற மணற்குன்றின் மரப்படிகளில் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஃபால்ஸ் பே கடல், இன்னொரு பக்கம் தூரத்தில் டேபிள் மலை. நடுவில் லட்சக்கணக்கானவர்கள். 2011 சென்சஸ் கணக்குப்படி 3.9 லட்சம் பேர். அது குறைத்துச் சொன்ன கணக்கு என்று சொல்லாதவர்கள் இங்கே குறைவு.

காயெலிட்ஷா என்றால் ஹோசா மொழியில் 'புதிய வீடு'. பெயர்தான் அப்படி. நிறவெறி அரசு 1983இல் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், கறுப்பர்களை நகரத்திலிருந்து முடிந்தவரை தள்ளிவைப்பது. டிரான்ஸ்கெய் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்களும், கிராஸ்ரோட்ஸ் போன்ற குடிசைப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டவர்களும் இந்த மணலில் கொண்டுவந்து இறக்கப்பட்டார்கள். வேலை நகரத்தில், குடும்பம் கிராமத்தில், தூக்கம் மட்டும் இங்கே என்ற வாழ்க்கை. ஹெச்.ஐ.வி.க்கு இதைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது. இரண்டாயிரத்தின் முதல் பத்தாண்டின் நடுவில், இங்குள்ள கிளினிக்குகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தொற்று இருந்தது.

ஆனால் காயெலிட்ஷாவின் பெயர் மருத்துவ உலகில் அடிபடுவது நோயால் அல்ல, மருந்தால். ஏழை நாடுகளில் எய்ட்ஸுக்கு மருந்து கொடுத்துப் பயனில்லை என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், கொடுத்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கிய இடம் இது.

1999 தொடக்கத்தில், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க ஏ.இசட்.டி. மாத்திரை கொடுக்கும் திட்டத்தை மேற்கு கேப் மாகாண அரசு இங்கே ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு, எரிக் கோமேரே என்ற பெல்ஜிய டாக்டரின் தலைமையில், அரசு சுகாதார நிலையங்களின் வளாகத்திலேயே மூன்று எய்ட்ஸ் கிளினிக்குகளைத் திறந்தது. வந்தவர்கள் நடந்து வரவில்லை. தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரப்பட்டார்கள், முதுகில் சுமந்து வரப்பட்டார்கள். சந்தர்ப்பவாத நோய்களுக்கு வைத்தியம் பார்க்கலாம். வைரஸை அடக்கும் மருந்து மட்டும் கையில் இல்லை. வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வதும், சில வாரங்களில் அதே பெயரை அடிப்பதும்தான் வேலை என்றாகிவிட்டது.

மருந்து உலகத்தில் இல்லாமல் இல்லை. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சாவு சரிந்துகொண்டிருந்தது. விலைதான் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரிலிருந்து பதினைந்தாயிரம் டாலர் வரை. அன்றைய கணக்கில் ஐந்து லட்சம் ரூபாய்க்கு முன்னே பின்னே. மலிவு மருந்தை இறக்குமதி செய்ய வழிசெய்யும் சட்டத்தை மண்டேலாவின் அரசு கொண்டுவந்தபோது, மருந்து கம்பெனிகள் ஒன்று சேர்ந்து 1998இல் வழக்குப் போட்டன. உலகமே முகம் சுளித்த பிறகு, 2001 ஏப்ரலில் 39 கம்பெனிகளும் பிரிட்டோரியா கோர்ட்டில் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு கிளம்பின.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் மும்பையிலிருந்து ஒரு குண்டு விழுந்திருந்தது. சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, அதே மூன்று மருந்துகளை எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்று அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. இதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம் ஹமீதின் தாராள மனசு மட்டுமல்ல. இந்தியாவின் 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. வேறு முறையில் தயாரித்தால் யாரும் கேட்க முடியாது. வெவ்வேறு கம்பெனிகளிடம் சிதறிக் கிடந்த மூன்று மருந்துகளை ஒரே மாத்திரைக்குள் அடக்கி சிப்லா 'ட்ரையோம்யூன்' என்று விற்க முடிந்ததும் இதனால்தான். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காப்புரிமை வலுவாக இருந்த எந்த நாட்டிலும் அந்த மாத்திரை அன்று பிறந்திருக்க முடியாது. 2005இல் அந்தச் சட்டம் மாறிவிட்டது என்பது வேறு கதை.

இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள அதிகம் இல்லை. ஆப்பிரிக்காவுக்கு விலை சொன்ன தேசம், தன் சொந்த நோயாளிகளுக்கு இலவசமாக அந்த மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில்தான், அதுவும் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் மட்டும். தென்னாப்பிரிக்க அரசும் அதே மாதத்தில்தான் தேசிய அளவில் தொடங்கியது. முந்திக்கொண்டது காயெலிட்ஷா. அங்கே முதல் மாத்திரை விழுங்கப்பட்டது 2001 மே மாதத்தில்.

நாட்டின் ஜனாதிபதி அப்போது தாபோ எம்பெக்கி. எய்ட்ஸுக்கு ஹெச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகப்பட்டவர். அவருடைய சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சம்பழம் சாப்பிடச் சொன்னார். மருந்து விஷம் என்ற பேச்சு மேலிடத்திலிருந்தே வந்துகொண்டிருந்தபோது, குடிசைக்குள் இருக்கும் ஒரு பெண் எதை நம்புவாள்? அந்த வருஷங்களின் தாமதத்தால் 3.3 லட்சத்துக்கும் அதிகமான உயிர்கள் போயின என்று 2008இல் ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

எதிர்ப்பு தெருவிலிருந்து வந்தது. 1998 டிசம்பரில் கேப்டவுனின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயப் படிக்கட்டில் ஒரு சிறு கூட்டம் ஆரம்பித்த 'டிரீட்மென்ட் ஆக்ஷன் கேம்பெய்ன்', காயெலிட்ஷாவின் சந்துகளில் வேர்விட்டது. அதே மாதம் டர்பன் அருகே, தனக்குத் தொற்று இருப்பதை வெளியில் சொன்ன குகு டிலாமினி என்ற பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். அதற்குப் பதிலாகத்தான் 'ஹெச்.ஐ.வி. பாஸிட்டிவ்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த டி-ஷர்ட் பிறந்தது. எல்லோரும் போட்டுக்கொண்டால் யாரை அடிப்பாய் என்ற கேள்வி அது. ஆனால் டி-ஷர்ட் கவசம் ஆகிவிடவில்லை. 2003 டிசம்பரில் காயெலிட்ஷாவிலேயே இந்த அமைப்பின் இளம் தொண்டர் ஒருவர், பலாத்காரம் செய்தவர்களிடம் தனக்குத் தொற்று இருப்பதைச் சொன்னதும் கொல்லப்பட்டார்.

அமைப்பின் தலைவர் ஜாக்கி அக்மத் தானும் நோயாளி. வாங்கிச் சாப்பிட வழியிருந்தும், அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். 2002இல் மண்டேலாவே வீட்டுக்கு வந்து கெஞ்சியும் அசையவில்லை. அடுத்த ஆண்டு அரசு இறங்கிவரும் அறிகுறி தெரிந்த பிறகுதான் மாத்திரையைத் தொட்டார். அதே 2002 ஜனவரியில், பிரேஸில் அரசு ஆய்வுக்கூடம் தயாரித்த மலிவு மாத்திரைகளைப் பெட்டியில் வைத்து ஆர்வலர்கள் விமானத்தில் கொண்டுவந்து இறங்கினார்கள். காப்புரிமைப்படி பார்த்தால் அது மீறல். வந்து சேர்ந்த இடம் காயெலிட்ஷா கிளினிக். அந்த வருஷ டிசம்பரில் மண்டேலா அங்கே வந்தார். எண்பத்து நான்கு வயதுக் கிழவர் தன் பூப்போட்ட சட்டைக்குப் பதில் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்ற படம் உலகத்தைச் சுற்றியது. காயெலிட்ஷாவில் பல குடிசைகளின் சுவர்களிலும் ஏறியது.

இன்னும் ஒரு கூற்றுக்குப் பதில் பாக்கியிருந்தது. 2001இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனத் தலைவர் ஆண்ட்ரூ நேட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட அவர்களால் முடியாது என்ற பொருளில் பேசினார். காயெலிட்ஷாவில் முதலில் மருந்து தொடங்கிய 287 பெரியவர்களின் கணக்கு 2004இல் வெளிவந்தது. பலரும் சாவின் வாசலில் மருந்தைத் தொட்டவர்கள். இரண்டு வருஷம் கழித்து அவர்களில் 86 சதவிகிதம் பேர் உயிரோடு இருந்தார்கள். பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு டாக்ஸி மாறி வெள்ளைக்காரர் வீட்டுக்கு நேரத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்குக் கடிகாரம் தெரியாது என்று எப்படித்தான் தோன்றியதோ.

வெற்றியே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. சாகாதவர்கள் மாதாமாதம் மருந்துக்கு வந்தார்கள். சைட் பி பகுதியிலுள்ள உபுன்டு கிளினிக்கில் விடியுமுன்பே கூட்டம். ஒரு டப்பா மாத்திரைக்கு முழு நாளும் போய்விடும். வேலைக்கு லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். 2007இல் இதற்கு அங்கே கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. உடம்பு தேறியவர்களை முப்பது முப்பது பேராகச் சேர்த்து 'கிளப்' ஆக்கிவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் எடை பார்ப்பார், இருமல் உண்டா என்று விசாரிப்பார், பெயர் எழுதிய மாத்திரைப் பொட்டலத்தை நீட்டுவார். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதே முறையைப் பின்னர் மாகாணமும், அப்புறம் பல நாடுகளும் எடுத்துக்கொண்டன. ஆண்கள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கிளினிக் என்பது பெண்களும் குழந்தைகளும் போகும் இடம் என்ற நினைப்பு. எனவே டாக்ஸி நிலையத்தை ஒட்டி, போகிற போக்கில் நுழைந்து வெளியேறும்படி, ஆண்களுக்கென்று தனிக் கிளினிக் திறக்க வேண்டியிருந்தது. டிபியும் கூடவே வருவதால், இரண்டு நோய்க்கும் ஒரே கூரையின் கீழ் வைத்தியம் என்பதையும் உபுன்டு 2003 முதல் செய்துகாட்டியது.

இன்று தென்னாப்பிரிக்காவில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த மருந்தைச் சாப்பிடுகிறார்கள். உலகத்திலேயே பெரிய திட்டம். செலவில் பெரும்பகுதி அந்நாட்டு அரசின் சொந்தப் பணம். மாத்திரையும் மாறிவிட்டது: டோலுடெக்ராவிர் கலந்த ஒற்றை மாத்திரை, நாளைக்கு ஒன்று, மொத்தக் கொள்முதலில் வருஷத்துக்கு 45 டாலருக்கும் குறைவு. ஆனால் திட்டச் செலவில் சுமார் 17 சதவிகிதம் அமெரிக்காவிடமிருந்து வந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் வாஷிங்டன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, முதலில் அடிபட்டது மாத்திரை அல்ல, ஆட்கள். வராதவர்களைத் தேடிப்போய் அழைத்து வந்தவர்கள், ஆலோசனை சொன்னவர்கள், பரிசோதனை செய்தவர்கள் என்று நாடு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். மாத்திரை அலமாரியில் இருக்கும். வராதவரின் கதவைத் தட்ட ஆள் இருக்காது.

விசித்திரம் என்னவென்றால், இந்தச் சரிவு நேர்ந்தது தடுப்பில் பெரிய திருப்பம் கிடைத்த நேரத்தில். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024 ஜூனில் தெரியவந்தது. அமெரிக்காவில் அதன் விலை வருஷத்துக்கு 28,000 டாலர். மறுபடியும் இந்தியா வர வேண்டியிருக்கிறது. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டிரோ நிறுவனங்கள் காப்புரிமைக்காரரிடம் அனுமதி பெற்று, 2027 முதல் ஏழை நாடுகளுக்கு அதை 40 டாலருக்குத் தருவதாக 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. இந்த முறை சட்டத்தின் சந்து வழியாக அல்ல, லைசென்ஸ் வாங்கி. லைசென்ஸில் இடம்பெறாத பிரேஸில் போன்ற நாடுகள் வெளியே நிற்கின்றன. 2002இல் காயெலிட்ஷாவுக்கு மாத்திரை கொடுத்தனுப்பிய அதே பிரேஸில்.

காயெலிட்ஷாவில் டிசம்பர் வந்துவிட்டால் ஊர் காலியாகத் தொடங்கும். கிறிஸ்துமஸுக்குக் கிழக்கு கேப் கிராமங்களுக்குப் போகும் கூட்டம், பொங்கலுக்குக் கோயம்பேட்டில் முட்டி மோதுகிற கூட்டத்துக்குக் கொஞ்சமும் குறையாது. பஸ்ஸின் கூரையில் மெத்தை, நாற்காலி, அரிசி மூட்டை. ஊருக்குப் போனவர்கள் சிலர் பிப்ரவரி வரைகூடத் திரும்புவதில்லை. அங்கே கிளினிக் எத்தனை மைல் தள்ளியோ. அதனால் கிளப்களில் டிசம்பர் கூட்டத்தின்போது மட்டும் இரண்டு மாதத்துக்குப் பதில் நான்கு மாத மாத்திரை கொடுக்கும் வழக்கம் வந்தது. பையின் அடியில், குழந்தைகளுக்கு வாங்கிய புதுத் துணிக்குக் கீழே, அதுவும் ஊருக்குப் போகிறது.