முளை மாவும் கறுப்பு பீரும்

போர்ட்டர் என்றதும் நம் கண்முன் வருபவர் ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டையும் தலைச் சும்மாடுமாக நிற்கும் மனிதர்தான். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதே பெயரில் ஒரு கறுப்பு பீர் பிரபலமாயிற்று. மூட்டை தூக்குகிறவர்கள் விரும்பிக் குடித்ததால் வந்த பெயர். அதை வீட்டிலேயே தானியத்திலிருந்து தயாரிப்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு பீர் தயாரிப்பதை 1979 முதல் மத்திய சட்டம் அனுமதிக்கிறது. பலருக்கு அது விடுமுறை நாள் பொழுதுபோக்கு.

முதல் பத்தியிலேயே ‘மால்ட்’ என்ற சொல் இடறியது. கட்டுரையைக் கையோடு குப்பத்துக்கு எடுத்துச் சென்றிருந்தேன். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் நெருங்கிவரும் ஊர் அது. அங்கே பெரியம்மா தன் பேத்திக்காகக் கேழ்வரகு முளைகட்டிக்கொண்டிருந்தார். இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளைவிட்டதும் வெயிலில் உலர்த்தி, வேரை உதிர்த்துப் புடைத்து, வாசனை வரும்வரை லேசாக வறுத்து அரைப்பார். கடைகளில் அதற்கு ராகி மால்ட் என்று பெயர். பெரியம்மாவுக்கு முளை மாவு.

முளைவிடும் தானியத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெருகுகின்றன. முளை மாவுக் கஞ்சி கெட்டிப்படாமல் இளக்கமாக இருப்பது அதனால்தான். போர்ட்டரின் தொடக்கமும் இதேதான். தானியம் மட்டும் பார்லி. முளைத்துக் காய்ந்த பார்லியை நொறுக்கிச் சுமார் 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் நீர் இனிக்கும். அதை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவுடன் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் ஓரிரு வாரத்தில் பீர். கறுப்பு நிறம் தருவது கருக வறுத்த பார்லி முளை. அந்தச் சூட்டில் நொதிகள் செத்துவிடும். எனவே நிறத்துக்கு அது கொஞ்சம்; சர்க்கரைக்கு வெளிர்முளைதான். 1817-ல் டேனியல் வீலர் என்பவர், காப்பிக்கொட்டை வறுப்பதைப்போல் உருளையில் முளையை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு இந்தக் கணக்கு சுலபமாயிற்று. பெரியம்மா கருகவிடாமல் வறுப்பதில் உள்ள நியாயமும் இதுவே.

அடுத்த இடறல் ‘ப்ரூ’ என்ற வினைச்சொல். யோசிக்காமல் ‘காய்ச்சுவது’ என்று எழுதிவிடுகிறோம். சாராயம் காய்ச்சுவதென்றால் ஊறலைக் கொதிக்கவைத்து ஆவியைப் பிடித்துக் குளிரவைப்பது. பீரில் அந்த வேலையே இல்லை. தமிழுக்கு இது புதிதும் அல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் வீட்டு நறும்பிழிக்குச் செய்முறையே இருக்கிறது. அரிசிக் கூழை அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, இடித்த முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். கள் தயாரிக்கும் பெண்களும் அந்நூலில் வருகிறார்கள். அவர்கள் தொழிலுக்குச் சொல் ‘அடுதல்’. சோறு சமைப்பதற்கும் அதே சொல்தான். சமையலறைக்கு அட்டில் என்ற பெயரும் அதிலிருந்து வந்தது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். மாவு சலித்துக்கொண்டிருந்த கை நின்றது. “கொழந்தைக்கு ஊட்டறதப் போயி அதோட சேக்கறியேப்பா. பேரு எதுவா இருந்தா என்ன, அது இந்த வாசப்படி ஏறக் கூடாது.” பெரியப்பாவைப் பாக்கெட் சாராயம் கொண்டுபோனது அவருடைய நாற்பதாவது வயதில்.

பெரியம்மாவைப் போன்றவர்கள்தான் 1992-ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அந்தப் போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1993-ல் சாராயத்துக்குத் தடை வந்தது, 1995-ல் என்.டி. ராமராவ் அரசு முழு மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1997-ல், குப்பத்தின் எம்.எல்.ஏ.வான சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது அது தளர்ந்தது. உரிமமில்லாமல் மது தயாரிப்பது ஆந்திரத்திலும் தமிழகத்திலும் இன்றும் குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். முளையிலிருந்து புளித்த பீரில் அந்த ஆபத்து இல்லை என்று விளக்கியிருக்கலாம். பெரியம்மாவின் வழக்கு ரசாயனம் பற்றியதல்ல. பழைய நூலின் பெண்ணுக்குத் தன் சாடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பெரியம்மாவின் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது கான்ட்ராக்டரின் பாக்கெட். கூலி அதற்குப் போனது. இரண்டையும் ஒரே வினைச்சொல்லில் அடைத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே மொழி இருக்காது.

ஆகவே ‘காய்ச்சுதல்’ என்பதை அடித்துவிட்டேன். ‘அடுதல்’ இன்று யாருக்கும் புரியாது. ‘ஊறவைத்துப் புளிக்கவிடுதல்’ என்று நீட்டியே எழுதினேன். போர்ட்டர் போர்ட்டராகவே இருக்கிறது. மால்ட்டுக்கு முளைதானியம் என்று போட்டேன். முளை மாவு என்ற சொல்லைத் தொடவில்லை. அது குழந்தையுடையது.