அண்ணாந்து பார்த்த வசந்தம்

எங்கள் பக்கம் பூப் பார்க்க யாரும் மலைக்குப் போனதில்லை. சாமி கும்பிடத்தான் போவோம். மாசி சிவராத்திரி, பங்குனி உத்திரம். சாமி காட்டுக்குள் இருந்ததால் காடும் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அப்பா வழிக்கு ராஜபாளையம் அய்யனார் கோயில், அம்மா வழிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. எனக்கு இரண்டும் வாய்த்தன.

இங்கே இங்கிலாந்தில் பிப்ரவரி பிறந்ததும் முதல் ஸ்னோட்ராப்பை யார் பார்த்தது என்று அலுவலகத்தில் பேச்சு கிளம்பிவிடும். பிறகு பிரிம்ரோஸ், ப்ளூபெல். மரம் தழைத்து வெயிலை மறைப்பதற்குள் பூத்து முடித்துவிடும் தரைப்பூக்கள். அழகுதான். ஆனால் குனிந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் மாசியில் தரையில் என்ன இருக்கும்? காய்ந்த புல்லும் சருகும். தரைப்பூவெல்லாம் மழையோடு சரி. ஆண்டாள்கூட நாச்சியார் திருமொழியில் கோடலிடமும் முல்லையிடமும் முறையிட்டது கார்காலத்தில்தான். மாசியில் பூப்பது மரம். இலவு ஓர் இலைகூட இல்லாமல் செக்கச் சிவந்து நிற்கும், முருக்கும் அப்படியே. மறைக்க இலை இல்லாததால் பூ தூரத்திலேயே பறவைக்குத் தெரிந்துவிடும். தேனுக்கு மைனாவும் காக்கையும் கரிச்சானும் போடுகிற சண்டையில் பூக்கள் தொப்புத் தொப்பென்று நம் தலையில் விழும். பொங்கல் பானை சுமந்து வருகிற பெரியம்மாவுக்கு அது பெரிய தொந்தரவு.

செண்பகத்தோப்பில் புளி பழுத்திருக்கும். "சத்தங்காட்டாம வாங்கடா" என்று அம்மாச்சி மேலே கை காட்டுவாள். சாம்பல் நிற மலை அணில். உடம்பைவிட நீண்ட நரைத்த வால் கிளையிலிருந்து தொங்க, உட்கார்ந்து புளியம்பழம் தின்றுகொண்டிருக்கும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பிராணி என்று அப்போது யாருக்குத் தெரியும்? கிளைவழியே போய் வருவதுதான் அதற்குப் பழக்கம். மரங்கள் கைகோத்து நிற்கிற காடு வேண்டும். அதற்காகவே 485 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் வந்தது. 2021-இல் அதுவும் மேகமலையும் சேர்ந்து புலிகள் காப்பகமாயின.

பொழுது சாயும்போது புதருக்குள்ளிருந்து ஆறுமணிக்குருவியின் இரட்டை விசில். குளிருக்கு வடக்கேயிருந்து வந்த விருந்தாளி, சித்திரைக்குள் இமயமலை அடிவாரப் பக்கம் கிளம்பிவிடும். இங்குள்ளவர்கள் தகைவிலான் வருவதற்காக வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும்போது எனக்கு அந்த விசில்தான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் அண்ணனிடம் கேட்டேன், இலவு பூத்துவிட்டதா என்று.

"எந்த எலவு?"

"அய்யனார் கோயில் போற வழியில, ஆத்தோரமா நிக்குமேண்ணே."

"அதையெல்லாம் எவன் பாத்தான்? உத்திரத்துக்கு வருவியா மாட்டியா, அதச் சொல்லு. வரலைன்னா தலைக்கட்டு வரிய மட்டும் அனுப்பிரு."

அனுப்பிவிட்டேன்.