ஆடாமல் திரும்பக் கூடாது

கர்நாடகத்து மாதேஸ்வரன் மலையில் மேட்டூர் பஸ்ஸுக்கு நின்றபோது பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். கடைக்குட்டிக்குப் பந்து பொறுக்கும் வேலை மட்டும்தான்.

இதே கர்நாடகத்து ராகுல் திராவிட், இந்திய 'ஏ' அணிப் பயிற்சியாளராக இருந்தபோது, கூட வந்த யாரும் ஆடாமல் ஊர் திரும்பக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர். ஒருவருக்கு ஒரே ஒரு ஜூனியர் உலகக் கோப்பைதான் என்ற விதியும் அவர் யோசனையே. அதுவும் அவருடைய ஜூனியர் அணி 2016 இறுதிப் போட்டியில் தோற்ற பிறகு! ஜெயிக்கத்தான் வேண்டுமென்றால், வயது மிச்சமிருக்கும் பழைய ஆட்களையே மறுபடி இறக்கியிருக்கலாமே?

2018-இல் புதுப் பையன்களோடு கோப்பை வந்தது. தனக்கு மட்டும் 50 லட்சம் பரிசு என்றதும் உதவிப் பணியாளர்களுக்கும் சமமாகக் கேட்டார். ஆளுக்கு 25 லட்சமானது.

டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப்போகும் பி.டி. மாஸ்டர்களே, பதினைந்தாவது ஆளையும் ஒரு மேட்ச் இறக்கிவிடுங்கள், சார்.